நான்கு பாய், எட்டுப் பேர்

எங்கள் தெருவுக்குப் பாதுகாப்புக் குழு எப்படி வந்தது என்று கேட்டால், நான் சாவியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு எங்களுடையது. கணவனுக்கு ஒரு ஷிப்ட், மனைவிக்கு ஒரு ஷிப்ட் என்று ஓடுகிற வீடுகள். பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். கடைசியாகக் கிளம்புகிறவர் அதை வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார், முதலில் திரும்புகிறவர் எடுத்துக்கொள்வார். தெருவுக்கே தெரிந்த விஷயம் திருடனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் பட்டப்பகலில் வந்தான். மூன்றாவது வீட்டு மீட்டர் பெட்டியில் கையை விட்டுச் சாவியை எடுத்தான், கதவைத் திறந்தான், பீரோவை வழித்தெடுத்தான். போகும்போது கதவைப் பூட்டி, சாவியைத் திரும்ப மீட்டர் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். என்ன ஒரு ஒழுங்கு பாருங்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, அதே சாவியை எடுத்துத் திறந்து, சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் பீரோவைப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலரை எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கினார்கள். பொன்னேரிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எங்கள் தெரு சர்ச் வராண்டாவிலேயே கூட்டம் போட்டார். அப்போதுதான் சர்ச்சுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள், வராதவர்களும் காய்கறி வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது.

"இங்க இன்னா நடக்குதுன்னு மொதல்ல உங்களுக்குத்தான் தெரியும், அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்," என்றார். "நீங்க பாருங்க, நாங்க ஓடியாறோம். மீட்டர் பொட்டியில இனிமே சாவி வெக்காதீங்க. தெரியாத ஆளு யாராவது மீட்டர் பொட்டியில கைய வுட்டா விசில் அடிங்க. புடிச்சு வைங்க. அடிக்காதீங்க. எனக்கு போன் போடுங்க. அஞ்சு நிமிசத்துல வந்துடுவேன்."

பகலில் வீட்டில் இருக்கிற ஆறு பெண்களுக்கு விசில் கொடுத்தார். அதில் ஒருவர் என் பக்கத்து வீட்டு இட்லிக்கடை அம்மா. சின்ன வயதில் ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டவர், இப்போது தொழிற்சாலை ஆட்களுக்கு நாஷ்டா போடுகிறார். அவருடைய சமையலறை ஜன்னல் பின்சந்தைப் பார்த்த மாதிரி இருக்கும். விசிலைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "இனிமே எவன் வரான்னு பாக்கறேன்," என்றார்.

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். யார் உள்ளே வந்தான், யார் வெளியே போனான், யார் இரண்டு நிமிடம் லேட் என்று எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவன். தெருவில் வாடகைக்கு இருக்கிற எல்லோருடைய பெயரும் ஊரும் ஒரு படிவத்தில் எழுதி ஸ்டேஷனுக்குத் தர வேண்டும் என்றார்கள். வீடு வீடாகப் போய் எழுதினேன். சரியாகச் சொல்லாதவர்களைத் திட்டி எழுதினேன். "ஆளுங்கள ஒளிச்சு வெச்சா நாளைக்கு உங்களுக்குத்தான் பேஜாரு," என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று உபதேசம் செய்தேன். போர்வெல் தண்ணீர் பற்றவில்லை என்பதால், ஒரு ரூமுக்கு நான்கு பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதே கூட்டத்தில் தெருவும் முடிவெடுத்தது. அதை நோட்டில் எழுதியவன் நான். கீழே முதல் கையெழுத்துப் போட்டவனும் நான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் ரூம் இருக்கிறது. அதில் ஒடிசாவிலிருந்து அப்போதுதான் வந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். படிவத்தில் நான்கு பேர் என்று எழுதியிருந்தேன். இருந்தது எட்டுப் பேர். நான்கு பேருக்குக் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை வேலை, மற்ற நான்கு பேருக்கு ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. அவர்கள் எழுந்து போனால் இவர்கள் வந்து படுப்பார்கள். பாய் நான்குதான். எந்த நேரத்தில் போய் எண்ணினாலும் தலை நான்குதான் இருக்கும், அப்புறம் நான் எழுதியதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைம் ஆபீஸ் மூளை அப்படித்தான் வேலை செய்யும். உண்மையில் அது வாடகை ஆசை, வேறொன்றுமில்லை. நான்கு பேரைக் காலி செய்யச் சொல்ல மனம் வரவில்லை. தெருவில் பெயர் கெடவும் மனம் வரவில்லை. அதனால் லிஸ்டில் இல்லாத நான்கு பேரையும் கூப்பிட்டு, முன்வாசல் வழியாக வரக்கூடாது, பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகவே போக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவர்கள் திரும்பும் காலை எட்டு மணிக்கு இட்லிக்கடை அம்மா முன்வாசலில் வியாபாரத்தில் இருப்பார், கிளம்பும் நேரத்தில் சந்து இருட்டிவிடும். ரூமின் மீட்டர் பெட்டியும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. சாவியும் அதில்தான்.

அந்த நான்கு பேரில் ஒருவர் முப்பத்தைந்து வயதுக்காரர், மெலிந்த உடம்பு. வந்த புதிதில் மோட்டார் போடச் சொல்லி என்னிடம் வந்து, "பையா, தண்ணி," என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! "யாருய்யா பையன்? எனக்கே பேரன் பேத்தி இருக்குது," என்று குதித்தேன். அவர் மிரண்டு போனார். தமிழ் தெரிந்த அவருடைய கூட்டாளி ஓடி வந்து, அவர்கள் பேச்சில் பையா என்றால் அண்ணன், மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார் என்று விளக்கினார். "அண்ணனா? அப்பன் வயசு ஆவுது எனக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரைப் போட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் பையா என்பார், நானும் தலையாட்டுவேன். அவர் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றியதில்லை.

அந்த நாள் காலை பத்தரை மணி இருக்கும். நான் முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் விசில் சத்தம் கேட்டது. இட்லிக்கடை அம்மா மூச்சுப் பிடித்து ஊதுகிறார், நிறுத்தவே இல்லை. தெருவே திரண்டு ஓடியது. எனக்குப் பகீரென்றது. திருடனை நினைத்து அல்ல, அந்தச் சந்தில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால்.

நடந்தது இதுதான். அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள். என்னைப் பையா என்று கூப்பிடுகிறவருக்குக் காய்ச்சல். நிற்க முடியாமல் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு தனியாக வந்திருக்கிறார். என் உத்தரவுப்படி பின்சந்து வழியாக. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் வெளிறி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, மீட்டர் பெட்டியில் கையை விட்டிருக்கிறார். மேடம் எந்தெந்த அடையாளம் சொல்லியிருந்தாரோ அத்தனையும் பொருந்தியது.

நான் போனபோது அவரைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். பீரோ பறிகொடுத்த மூன்றாவது வீட்டுக்காரர் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். பாவம், அன்று அவருக்கு வார விடுமுறை.

"இத்தினி நாளா நான் தேடிக்கினு இருந்தவன் இவன்தான்," என்று கத்தினார். "சாவிய எப்புடி எடுத்தான் பாரு!"

"ரூம்... ரூம்..." என்று காய்ச்சல்காரர் கதவைக் காட்டினார்.

இட்லிக்கடை அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணே, நல்லவேள வந்த. உன் ரூமாண்டதான் கைய வுட்டான். உன் ஆளுங்க நாலு பேரும் காலையிலயே போயிட்டாங்கோ, நான்தான் பாத்தேனே. இவன் யாருண்ணே? உன் ஆளா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவரும் என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்பாடா, வந்துவிட்டார் என்பது போல. "பையா! பையா!" என்றார்.

பளாரென்று ஒரு அறை விழுந்தது. "பெரிய மனுசனப் பாத்து பையாங்கறியா? இன்னா தெனாவெட்டு!" மூன்றாவது வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை ஒரு சாக்கு. கோபத்தில் இருந்தவருக்கு எந்த வார்த்தையும் போதுமாயிருந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்தச் சந்தில் நின்ற அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் என்று கூப்பிட்டதற்காக அவர் அடி வாங்கினார்.

"சொல்லுண்ணே, உன் ஆளா?" என்று இட்லிக்கடை அம்மா மறுபடி கேட்டார்.

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்? லிஸ்டில் நான்கு பேர்தானே, இவர் ஐந்தாவதா? அப்புறம் எத்தனை பேர்? ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் திட்டினது எல்லாம் என் கண்முன் வந்தது. மென்று விழுங்கினேன். "பாத்த மாதிரியும் இருக்குது... பாக்காத மாதிரியும் இருக்குது," என்றேன்.

அவருக்கு அந்த அளவு தமிழ் புரிந்திருக்காது. ஆனால் என் முகம் புரிந்துவிட்டது. மறுபடி அவர் பையா என்று கூப்பிடவில்லை. இரண்டாவது அறை விழுந்தபோது கையைக்கூடத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் சொன்ன மாதிரியே ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வந்ததும் முதலில் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"புடிச்சு வைங்கன்னு சொன்னேன். அடிக்கச் சொன்னேனா?" குரலை உயர்த்தவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் ஒதுங்கினார்.

மேடம் காய்ச்சல்காரரிடம் என்னவோ ஹிந்தியில் கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தந்தார். மேடம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "சார், நீங்கதான் டைம் ஆபீஸ்ல இருந்தவரு. இது இன்னா சீட்டு?"

என் வாழ்நாளில் அந்த மாதிரிச் சீட்டு எத்தனை எழுதியிருப்பேன்! "கேட் பாஸ் மேடம். பத்து மணிக்கு வெளிய வுட்டுக்கிறாங்க. காய்ச்சல்னு போட்டிருக்குது."

மேடம் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, பூட்டைத் திறக்கச் சொன்னார். திறப்பதற்கு முன்னால், உள்ளே உன்னுடையது என்ன இருக்கிறது என்று கேட்டார். நீலப் பெட்டி, மூடியின் உள்பக்கம் மகளுடைய போட்டோ ஒட்டியிருக்கும் என்றார். மேடம் மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளை எண்ணியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். போனை எடுத்து நான் எழுதித் தந்த படிவத்தின் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவின் எதிரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எல்லாரும் ஊட்டுக்குப் போங்க. சார், நீங்க இவர ஆட்டோல ஏத்திக்கினு ஸ்டேஷனுக்கு வாங்க."

அங்கே ஓர் ஓரமாக உட்காரவைத்து, அவருக்கு டீயும் மாத்திரையும் வரவழைத்தார். உதட்டைக் கழுவச் சொன்னார். அப்புறம் என் முன்னால் வெற்றுப் படிவம் ஒன்றை வைத்தார்.

"எத்தினி பேரு சார்?"

"நாலு பேரு மேடம்."

"பகல்ல நாலா, ராத்திரியில நாலா?"

என் காது இரண்டும் சுட்டது. "எட்டு," என்றேன்.

"எழுதுங்க."

எழுதினேன். ஏற்கெனவே தந்த நான்கு பெயரும் மனப்பாடம். ஐந்தாவது வரியில் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். பத்து மாதம் என் ரூமில் தூங்கி எழுந்தவரிடம், போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கேட்கிறேன். சொன்னார். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை, எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

அடித்தவர்கள் மேல் புகார் தருகிறாயா என்று மேடம் அவரிடம் கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ரூமைக் காலி செய்யச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றாராம். மேடம்தான் எனக்குச் சொன்னார். "உங்ககிட்டதான் கேக்குறாரு சார். நான் இன்னா சொல்லட்டும்?"

"இருக்கச் சொல்லுங்க," என்றேன்.

"நானே கொண்டுபோய் வுட்டா, போலீஸ் புடிச்சுக்கினு போன ஆளுன்னு பேராயிடும். அப்புறம் அந்தத் தெருவுல அவர் நிம்மதியா நடக்க முடியாது. நீங்க கூட்டிக்கினு போங்க. பின்பக்கமா இல்ல, முன்பக்கமா. நாலு பேரு பாக்கணும். நம்ம ஊட்டு ஆளுதான்னு உங்க வாயால சொல்லணும். என் யூனிபார்ம் அந்த வேலையைச் செய்யாது சார்."

உச்சி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தோம். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவர் அந்தத் தெருவின் முன்பக்கத்தைப் பார்க்கிறார். என்னை விட்டு ஓரடி பின்னாலேயே வந்தார். கூட வாங்க என்று கையைக் காட்டினேன். கதவுகள் திறந்தன. மூன்றாவது வீட்டுக்காரர் வெளியே வந்தார். இட்லிக்கடை அம்மா கழுவிக்கொண்டிருந்த குண்டானை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாண்ணே, வுட்டுட்டாங்களா?"

"அவரு நம்ம ஊட்டு ஆளும்மா," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "என் ரூம்லதான் பத்து மாசமா இருக்காரு. நாலு பேர்னு எழுதிக் குடுத்தது பொய். எட்டு பேர் இருக்காங்கோ. ரூல் போட்டதும் நான்தான், ஏமாத்துனதும் நான்தான். தப்பு என்னுது."

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்கள் வீட்டுக் கணக்கும் அந்த மாதிரிதான் போலிருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, தெரியாம கைய வெச்சுட்டேனே," என்று காய்ச்சல்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் இட்லிக்கடை அம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. விசில் கழுத்தில் தொங்க, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எட்டோ பத்தோ, அது கெடக்கட்டும். காலையில நான் ரெண்டு வாட்டி கேட்டேனே, உன் ஆளான்னு. எதுத்தாப்ல நின்னுக்கினு இருந்தியே. அப்ப ஏண்ணே சொல்லல?"

தெரு மொத்தமும் காத்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அவர் ஓரடி முன்னால் வந்தார். இரண்டு கையின் விரல்களையும் வளையமாக்கித் தன் கண்களில் வைத்துக் காட்டினார். கிழிந்த உதட்டோடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்.

"சார்... கண்ணாடி இல்ல. காலையில... சார், கண்ணாடி போடல. தெரியல."

"அதானே!" என்றார் இட்லிக்கடை அம்மா. முகம் தெளிந்துவிட்டது. "நானும் அதத்தான் நெனச்சேன். கண்ணு தெரிஞ்சிருந்தா நீ அப்புடி நின்னுக்கினு இருப்பியா? வாப்பா, வா. சூடா கொஞ்சம் கஞ்சி குடிச்சுட்டுப் போய்ப் படு."

காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன். விசில் சத்தம் கேட்டு எழுந்து ஓடும்போது கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. மேடம் நீட்டிய சீட்டையும் அதைப் போட்டுக்கொண்டுதான் படித்தேன், தெருவில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் நேராக அதற்குள் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.